எட்டாவது திருகாணி

அத்தியாயம் 5

"சார், நம்ம போர்டுல 'மர்மங்கள் துலக்கப்படும்'னுதானே எழுதியிருக்கு? ஸ்குரூ கழட்டித் தரப்படும்னு எப்ப சேர்த்தீங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் சுராயா அந்த வீட்டுக்குள் நுழைந்தாள். உள்ளே பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

கூடத்தின் நடுவில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, அதன் மேல் பெட்டியை வைத்திருந்தார்கள். நம்மூர்ச் சவப்பெட்டி போலத் தோள்பக்கம் அகன்று கால்பக்கம் குறுகிய பெட்டி இல்லை அது. இயந்திரத்தில் இழைத்த வெளிர்நிறப் பலகை. நாலு பக்கமும் நேர்நேராக, ஏதோ சாமான் வந்து இறங்கிய மாதிரி இருந்தது. தலைமாட்டில் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபமும் இரண்டு மெழுகுவத்திகளும் இருந்ததால்தான் அது சாவு வீடு என்று தெரிந்தது. திருச்சி மேலப்புதூரின் அந்தச் சின்ன வீட்டில் நிற்கக்கூட இடமில்லை. ஆனால் அழுகைச் சத்தம் மட்டும் இல்லை.

அழ வேண்டியவள், அழ மாட்டேன் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள்தான் வியாகுலம்மாள்.

"நீங்கதான் துப்பறியறவரா? வாங்க" என்றாள். "உள்ள இருக்கறது என் புள்ள இல்லங்க. தெறந்து காட்டுங்க. முகத்தைப் பாத்துட்டு இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடறேன். வேற எந்தத் தாயோ எங்கயோ காத்துக்கிட்டிருப்பா. அவளுக்குச் சேர வேண்டியத அனுப்பி வெச்சுடலாம்."

ரத்தினவேல் கைக்குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சத்திரம் பஸ் நிலையத்துக்கு எதிரே, சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருப்பவர். பேச்சில் மகா கஞ்சம். அவர் பேசாமல் மிச்சம் வைப்பதையெல்லாம் பேசித் தீர்க்கத்தான் சுராயாவை உதவிக்கு வைத்திருக்கிறார் என்று கீழே சைக்கிள் கடைக்காரர் சொல்வார்.

"முழுசாச் சொல்லுங்கம்மா" என்றார்.

சொல்ல அதிகம் இல்லை. வியாகுலம்மாளுக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவன் அருள்நாதன் வெல்டிங் வேலைக்கு அரபு நாட்டுக்குப் போனவன். வேலை செய்த இடத்தில் தீப்பிடித்து இறந்துவிட்டான் என்று செய்தி வந்தது. பெரியவன் ஸ்தனிஸ்லாஸ், ஒரு வக்கீலிடம் குமாஸ்தா, வாடகை வேன் பிடித்துக்கொண்டு சென்னைக்குப் போய், விமானத்தில் வந்த பெட்டியை இன்று காலையில்தான் கொண்டுவந்து சேர்த்திருந்தான்.

"எங்க ஜனத்துல கல்லறை வரைக்கும் முகத்தைத் தெறந்துதாங்க வெச்சிருப்பாங்க" என்றாள் வியாகுலம்மாள். "குழியில எறக்குறதுக்கு முன்ன தாய் நெத்தியில முத்தம் குடுப்பா. அதுக்கப்புறம்தான் மூடி. என்னை மட்டும் பலகைக்கு முத்தம் குடுன்னா எப்படிக் குடுப்பேன்?"

கொழுந்தன் முறையுள்ள அடைக்கலராஜ் குறுக்கே வந்தார். "காலையிலயே ஆசாரி வந்து பாத்துட்டாருங்க. மொத்தம் எட்டு ஸ்குரூ. ஏழு சரியா இருக்கு. எட்டாவது தலை மழுங்கிப்போச்சு, திருப்புளி பிடிக்காது, பலகையை ஒடைச்சாத்தான் உண்டுன்னு சொல்லிட்டு, தொடாமலே போயிட்டாரு. சாவுப் பெட்டிய ஒடைக்கிறதா? சாயங்காலம் ஃபாதர் வந்துடுவாரு. அடக்கத்தை முடிச்சுடலாம்னா அண்ணி கேக்கல."

"நீங்க யாராவது திறந்தீங்களா?" என்று ரத்தினவேல் பெரியவனைக் கேட்டார்.

"இல்ல சார்." ஸ்தனிஸ்லாஸ் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னான். "சென்னையில எப்படிக் குடுத்தாங்களோ அப்படியே கொண்டாந்தேன். தொடவேயில்ல."

"பாத்தீங்களா?" என்றாள் தாய். "அவனும் பாக்கல. யாருமே பாக்கல. யாரும் பாக்காம என் புள்ளை எப்படிங்க செத்தான்?"

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கீழே ஆங்கிலம், மேலே அரபி. வியாகுலம்மாள் முக்காடிட்ட சுராயாவைப் பார்த்தாள். "உனக்கு இந்த எழுத்து தெரியுமாம்மா?"

சுராயாவுக்கு அரபி அர்த்தம் தெரியாது. சின்ன வயதில் ஓதிப் பழகியதால் எழுத்துக் கூட்டத் தெரியும். குனிந்து கூட்டினாள். "அ... ரு... ல்... நாதான்." அவள் குரல் பாதியில் இறங்கியது. அவளுடைய அண்ணனும் அந்தப் பக்கத்தில்தான் ஒரு ஓட்டலில் சமையல் வேலை பார்க்கிறான்.

"பேருதானே" என்றாள் வியாகுலம்மாள். "பேரை எந்தப் பெட்டியில வேணா எழுதலாம்."

ரத்தினவேல் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பெட்டியைச் சுற்றிவந்தார். வெளிநாட்டுத் திருகாணிகள். தலையில் ஒற்றைக் கோடாக இல்லாமல், கூட்டல் குறி போலக் காடி வெட்டியவை. எட்டாவது, கால்மாட்டு மூலையில் இருந்தது. கொஞ்சம் கோணலாக இறங்கியிருந்ததால் தலை ஒரு பக்கம் மரத்துக்கு மேலே நின்றது. கூட்டல் குறி இருந்த இடத்தில் வெறும் பள்ளம்தான் மிச்சம். அந்தப் பள்ளத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு யாரோ ஒரு பையனிடம் பழைய சைக்கிள் டியூப் துண்டு கேட்டு வாங்கி, பிடிமானத்துக்காகப் பள்ளத்தின் மேல் வைத்து, வீட்டுத் திருப்புளியால் அழுத்தித் திருப்பிப் பார்த்தார். ரப்பர் கிழிந்ததுதான் மிச்சம்.

"வேன் டிரைவர் பேரு என்ன?"

"மருதை" என்றான் ஸ்தனிஸ்லாஸ். ஏன் என்று கேட்கவில்லை. "ஸ்ரீரங்கம். அவருக்கு ஒண்ணும் தெரியாது சார்."

"வந்துடறோம்மா" என்று ரத்தினவேல் எழுந்தார். "நாங்க வர்ற வரைக்கும் பெட்டியை எடுக்க விடாதீங்க."

"எடுத்தா என்னையும் சேத்துத்தான் எடுக்கணும்" என்றாள் வியாகுலம்மாள்.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்த பிறகுதான் சுராயாவுக்குப் பேச்சு திரும்பியது.

"சொல்லுங்க சார். அந்த ஸ்குரூ உங்ககிட்ட என்ன சொல்லிச்சு? இவ்ளோ நேரம் என்னைக்கூட நீங்க கூர்ந்து கேட்டதில்ல."

"உங்க வீட்டு அம்மிக்கல்லு எந்தப் பக்கம் தேஞ்சிருக்கு?"

"வலப்பக்கம். அம்மா அரைக்கிற கை அப்படி."

"அதேதான். திருகாணியை மூடும்போது திருப்புளி காடியோட ஒரு சுவத்துல முட்டும். கழட்டும்போது எதிர்ச் சுவத்துல முட்டும். எட்டாவதோட தலையில பிசிறு அத்தனையும் மூடுற பக்கமாச் சுருண்டிருக்கு. ஆசாரி கழட்டப் போய் மழுங்கல, ஏன்னா அவரு தொடவே இல்ல. மூடினவன் மழுங்கடிச்சிருக்கான்."

"அரபு நாட்டுலயே மூடியிருக்கலாமே?"

"அங்க அந்தத் தலைக்குப் பொருத்தமான கருவி வெச்சிருப்பான். கூட்டல் குறியில பட்டைத் திருப்புளியை விட்டு முறுக்கறது நம்மூர் வேலை. மத்த ஏழுலயும் மெல்லிசாக் கீறல் இருக்கு. அதுல கழட்டின கீறலும் உண்டு, மூடின கீறலும் உண்டு."

சுராயா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்போ சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவுல பெட்டி தெறந்திருக்கு! சார், தங்கம்! கள்ளக்கடத்தல்! சவப்பெட்டின்னா யாரு சோதனை போடப்போறா? அந்தக் குமாஸ்தா கண்ணு காலண்டரை விட்டு எறங்கவே இல்லையே. நான் இன்னிக்கே கேஸை முடிச்சுட்டேன், எனக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிக் குடுங்க."

ரத்தினவேல் காவிரிப் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு வந்தார். "தங்கம் எடுத்தவன் பெட்டியைச் சீக்கிரம் மூடிட்டுப் போயிடுவான், சுராயா. காடி மழுங்கிப்போன பிறகும் திருகிக்கிட்டே இருக்க மாட்டான்."

ஸ்ரீரங்கத்தில் மொட்டைக் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. அம்மா மண்டபத்துக்குச் சற்றுத் தள்ளி மருதை வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். வேட்டி ஈரம், தலை ஈரம். வாளித் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தான்.

"பொணம் ஏத்தின வண்டிங்க" என்றான் வெட்கத்துடன். "மருங்காபுரி கல்யாணப் பார்ட்டி நாளைக்கு இதுலதான் ஏறணும்."

"வழியில எங்கயாவது நிறுத்தினீங்களா?" என்று ரத்தினவேல் கேட்டார்.

"செங்கல்பட்டு தாண்டி டீங்க. அவ்ளோதான். வேற எங்கயும் இல்ல." பதில் தயாராக வைத்திருந்த மாதிரி வந்தது.

"சரி. ஒரு திருப்புளி இருந்தாக் குடுங்க. இந்தக் குடைப் பிடி ஆடுது."

அந்தக் குடை ஆடவில்லை என்று சுராயாவுக்குத் தெரியும். ஆனால் சொல்லவில்லை. மருதை சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினான்.

"பாத்துப் பிடிங்க, நுனி பல்லு போயிருச்சு. புதுசுங்க இது! வாங்கி நான் ஒரு தடவகூட நல்லாப் பிடிக்கல. பேனா பிடிக்கிற கையில திருப்புளியக் குடுத்தா இப்படித்தான். ஸ்டார் ஸ்குரூல போயி பட்டையை விட்டு முறுக்கு முறுக்குன்னு முறுக்கி..."

நிறுத்திக்கொண்டான். வாளித் தண்ணீரைப் பார்த்தான்.

"பேனா பிடிக்கிற கை யாருதுங்கண்ணே?" என்று சுராயா மெதுவாகக் கேட்டாள்.

மருதை ஈரக் கையாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டான். "நான் ஒண்ணும் சொல்லலம்மா. திருப்புளியப் பத்தித்தான் சொன்னேன். சமயபுரத்தா மேல சத்தியம் பண்ணியிருக்கேன். அவரு வேதக்காரரு. அவங்க சாமி மேல வாங்கினா மீறிடுவேன்னு எங்க சாமி மேல வாங்கிட்டாரு."

"வெவரமான குமாஸ்தா" என்றாள் சுராயா.

"சத்தியத்தை மீற வேணாம்" என்றார் ரத்தினவேல். "நான் பேசறேன். தப்பா இருந்தா மட்டும் இல்லேன்னு தலையை ஆட்டுங்க. சத்தியம் வாங்கணும்னு தோணின நேரத்துல சமயபுரத்தா ஞாபகம் வந்திருக்குன்னா, வண்டி சமயபுரம் கைகாட்டிகிட்ட நின்னிருக்கு."

மருதை தலையை ஆட்டவில்லை.

"விடியற நேரம். திருப்புளியை வாங்கிக்கிட்டு உங்களை டீ குடிக்க அனுப்பிட்டார். நீங்க திரும்பி வரும்போது மூடிக்கிட்டிருந்தார். கடைசி ஸ்குரூ கோணலா ஏறிடுச்சு. காடி போயிடுச்சு. அப்பவும் அவர் விடல."

மருதையின் கண்கள் நிறைந்துவிட்டன. தலை அசையாமல் நின்றான்.

"பெட்டியிலேருந்து எதையோ எடுத்தார்."

"இல்லீங்க!" மருதை சத்தியத்தை மறந்து கத்தினான். தலை பலமாக ஆடியது. "ஒண்ணுமே எடுக்கலீங்க. நான்தான் அவரு கையைப் பிடிச்சு நிறுத்தினேன். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். 'போதும் சார், எறங்கிருச்சு'ன்னேன். 'இன்னும் கொஞ்சம், எங்கம்மாவால தெறக்க முடியக் கூடாது'ன்னாருங்க."

காவிரியிலிருந்து காற்று வந்தது. சுராயா திருப்புளியை வாங்கி மருதையிடமே திருப்பிக் கொடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் வெகுதூரம் வந்த பிறகு கேட்டாள். "எடுக்கலேன்னா எதுக்கு சார் தெறந்தாரு?"

"எடுக்கறதுக்கு மட்டும்தானா பெட்டியைத் திறப்பாங்க?"

"எதையாவது... வெச்சிருப்பாரா?"

ரத்தினவேல் சீட்டிலிருந்து எழுந்தார். வழியில் இறங்கி ஒரு இரும்புக் கடையில் ரம்பத்தகடு ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டார்.

அவர்கள் திரும்பி வந்தபோது கூடத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வியாகுலம்மாள் மட்டும் வாய் திறக்காமல் பெட்டியின் காலடியில் காவல் போல உட்கார்ந்திருந்தாள். ரத்தினவேல் கைக்குட்டையை ரம்பத்தகட்டின் ஒரு முனையில் சுற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் மண்டியிட்டார்.

"மழுங்கின தலைக்குக் குறுக்கே புதுசா ஒரு கோடு அறுக்கிறேம்மா. அப்புறம் சாதாரணத் திருப்புளியே பிடிக்கும்."

"அறுங்க" என்றாள்.

கிறீச்சென்று ரம்பம் இழுபட்டது. செபம் நின்றுவிட்டது. இரும்புத் தூள் பலகையில் பொடிப்பொடியாகச் சிந்தியது. அந்தச் சத்தம் பல்லைக் கூசவைத்தது. ஆனால் யாரும் முகத்தைத் திருப்பவில்லை. அடைக்கலராஜ் மீண்டும் செபத்தைத் தொடங்கிவைத்தார், சத்தத்தை மறைப்பதற்காகவோ என்னவோ. எல்லார் விரல்களிலும் மணிகள் நகர்ந்தன.

சுராயா சும்மா நிற்க முடியாமல் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கிழவர்கள், பெண்கள், குழந்தைகள்கூட ஆளுக்கொரு செபமாலை வைத்திருந்தார்கள். ஒரே ஒருவன் கையில் மட்டும் இல்லை. ஸ்தனிஸ்லாஸ் கொப்புளம் கிளம்பிய வலது கையை மடியில் மல்லாத்தி, கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தான். சாவு வீட்டுச் சொந்தக்காரன் கையில், செபமாலை இல்லை!

அவள் ரத்தினவேலின் தோளைத் தொட்டாள். அவர் நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தார். ரம்பம் நின்றது. புதுக் காடி பளிச்சென்று விழுந்திருந்தது. அதில் திருப்புளியை வைத்தார். ஆடாமல் பிடித்துக்கொண்டது. இனித் திருப்பினால் எட்டும் கழன்றுவிடும்.

அவர் திருப்பவில்லை. ஸ்தனிஸ்லாஸ் அருகே போய்க் காதோடு கேட்டார். "உங்க செபமாலை எங்க சார்?"

அவன் எழுந்து கொல்லைப்புறம் நடந்தான். இவர்கள் இருவரும் பின்னால் போனார்கள். துவைக்கிற கல்லில் கையை ஊன்றிக்கொண்டு முதுகைக் காட்டியபடியே பேசினான்.

"அவன் கையில சுத்தியிருக்கேன் சார். கம்பெனிக்காரன் அனுப்பின பெட்டியில செபமாலை எங்கேருந்து வரும்? வெறுங்கையோட எப்படிப் பொதைக்கிறது? கையில சுத்திட்டு, உடனே மூடிடலாம்னுதான் விடியக் காலையில ரோட்டோரமா வண்டியை நிறுத்தித் தெறந்தேன்." மூச்சு வாங்கியது. "கையைத் தேட வேண்டியிருந்துச்சு சார்."

சுராயா முக்காட்டை இழுத்து வாயில் அழுத்திக்கொண்டாள்.

"முகம் இல்ல" என்றான். "தீ. ஒண்ணுமே இல்ல. வேற யாரோன்னு நெனச்சு ஒரு நிமிஷம் எவ்ளோ சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அப்புறம் காலைப் பாத்தேன். பூட்ஸுக்குள்ள இருந்த கால் மட்டும் அப்படியே இருந்துச்சு. குதிகால்ல தழும்பு. சின்னப் புள்ளையில பின்னால உக்காந்து சைக்கிள் ஆரத்துல காலை விட்டுட்டான். நான் ஓட்டின சைக்கிள் சார் அது."

"அம்மாகிட்டப் பாத்தேன்னு சொல்லியிருக்கலாமே" என்றார் ரத்தினவேல்.

"சொன்னா எப்படி இருந்தான்னு கேக்கும். எங்கம்மாகிட்ட எனக்குப் பொய் வராது. பாக்கலேன்னுட்டா கேள்வியே இல்ல பாருங்க."

"அந்த ஒரு பொய்யால அவங்க ஆயுசு பூரா வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

"உக்காரட்டும் சார். அவன் எங்கயோ இருக்கான்னு நெனச்சுக்கிட்டு உக்காரட்டும். நான் பாத்ததைப் பாத்துட்டு உக்கார வேணாம்."

"எந்தக் காலு?"

மூவரும் திரும்பினார்கள். சமையற்கட்டு வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு வியாகுலம்மாள் நின்றிருந்தாள். எப்போது வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"தழும்பு எந்தக் காலுடா?"

ஸ்தனிஸ்லாஸ் உதடுகள் அசைந்தன. பொய் வரவில்லை. "வலது" என்றான்.

அவள் நிலையோடு நிலையாகச் சறுக்கிப் படியில் உட்கார்ந்தாள். சுராயா ஓடிப்போய்த் தோளைத் தாங்கிக்கொண்டாள். எலும்பும் தோலுமான அந்தத் தோள், காலையிலிருந்து விறைத்துக்கொண்டிருந்த தோள், மெல்ல மெல்லத் தளர்வது அவள் கைக்குத் தெரிந்தது.

ரத்தினவேல் குனிந்து சொன்னார். "காடி வெட்டியாச்சும்மா. மத்த ஏழு மாதிரி இதுவும் வந்துடும். பாக்கறது உங்க உரிமை. திறக்கட்டுமா?"

வியாகுலம்மாள் அவரைப் பார்க்கவில்லை. பெரியவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சவரம் செய்யாத முகம், கசங்கிய சட்டை, கொப்புளம் உடைந்த உள்ளங்கை. காலையிலிருந்து அவனை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறவள் போலப் பார்த்தாள்.

"வேணாங்க" என்றாள். "ஒருத்தன் பாத்தது போதும்."

பிறகு கையை நீட்டி அவன் வேட்டி நுனியைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள். அந்தப் பெரிய ஆள் அப்படியே படியில் விழுந்து அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"அந்த ரோட்டுல, விடியக் காலையில... ஒத்தையிலயாடா பாத்தே, பெரியவனே? கூட யாருமே இல்லையா?"

மடிக்குள்ளிருந்து தலை மட்டும் அசைந்தது. அப்போதுதான் வியாகுலம்மாளிடமிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. கூடத்தில் இருந்தவர்கள் காலையிலிருந்து காத்திருந்தது அதற்காகத்தான் போலும். உள்ளே ஒரு பெண் ஓவென்று தொடங்கினாள். அடுத்தவள் தொடர்ந்தாள். வீடு முழுவதும் அழுதது.

வெகுநேரம் கழித்து அடைக்கலராஜ் தயங்கித் தயங்கி வந்து, ஃபாதர் வந்துவிட்டதாகவும், தூக்குகிறவர்கள் தயாராக இருப்பதாகவும் சொன்னார்.

வியாகுலம்மாள் முந்தானையால் முதலில் மகன் முகத்தைத் துடைத்தாள். அப்புறம் தன் முகத்தை.

"இருக்கச் சொல்லுங்க" என்றாள். "இவன் மெட்ராஸ் போனதிலேருந்து வாயில பச்சத் தண்ணி ஊத்தல. வந்தவனை நான் ஏன்னு கேக்கவும் இல்ல. ஒரு வாய் காப்பி குடிக்கட்டும். அதுக்குள்ள என்ன அவசரம்?" கூடத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "சின்னவன் காத்திருப்பான்."